கோமிதாஸை இசையமைப்பாளர் என்று சொல்லலாமா? (சண்டைக்கு அல்ல)

ஓலைப்பெட்டி:
போன வாரம் வேறொரு இழையில் ஆர்மீனியாவின் மிகப் பெரிய இசையமைப்பாளர் யார் என்று பேச்சு வந்தது. நாலு பேர் வரிசையாகக் கோமிதாஸ் என்றார்கள். நான் கச்சதூரியன் என்றேன். "ஓ, சேபர் டான்ஸ் ரசிகரா" என்று, கச்சதூரியனின் பிரபலமான துண்டைச் சொல்லி ஒருவர் நக்கலடித்தார். சரி, தனி இழையே போட்டுவிடுகிறேன்.

கோமிதாஸ் ஒரு துறவி. 1869-ல் ஓட்டோமான் ஆட்சியில் இருந்த குத்தாஹியாவில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து, ஆர்மீனியச் சபையின் தலைமையிடமான எச்மியாட்சின் மடத்துப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். பிறகு கிராமம் கிராமமாகப் போய்க் குடியானவர்கள் பாடியதை எழுதிக்கொண்டார். மூவாயிரத்துக்கு மேல் சேகரித்தார், அதில் 1,200 போலத்தான் மிஞ்சியது என்பார்கள். சேகரிப்பாளராக மகத்தான வேலை, மறுக்கவில்லை. ஆனால் மெட்டு யாருடையது? குடியானவருடையது. வரி? அதுவும் அவர்களுடையதே. இவர் பெயரில் சிம்பொனி இல்லை, கான்செர்ட்டோ இல்லை. 'அனுஷ்' என்று ஓர் ஆபரா ஆரம்பித்தார், அதுவும் துண்டுகளாக நின்றுபோனது.

கச்சதூரியனோ திப்லிஸில் புத்தகம் பைண்டிங் செய்தவரின் மகன். மாஸ்கோவில் உயிரியல் படிக்கப் போனவர், 19 வயதில்தான் முறையாகச் செல்லோவைக் கையில் எடுத்தார். அங்கிருந்து 1940-ல் வயலின் மேதை ஆய்ஸ்த்ராக் வாசித்த வயலின் கான்செர்ட்டோ, 1942-ல் 'கயானே' பாலே, அப்புறம் 'ஸ்பார்ட்டகஸ்' பாலே. மூன்றாவது சிம்பொனியில் வழக்கமான ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மேலே 15 டிரம்பெட்டும் ஓர் ஆர்கனும்! ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றை உண்டாக்கியவரைத்தான் நான் இசையமைப்பாளர் என்பேன்.

ரயில்வே காலனி:
15 டிரம்பெட் கேட்டவரைச் சோவியத் அரசு சும்மா விட்டதா?

ஓலைப்பெட்டி:
எங்கே விட்டது? 1948-ல் ஷோஸ்டகோவிச், புரோகோஃபியேவ் கூட இவரையும் சேர்த்து 'ஃபார்மலிஸ்ட்', அதாவது மக்களுக்குப் புரியாத வடிவ வித்தை காட்டுகிறவர், என்று கட்சி வறுத்தெடுத்தது.

நாலாம் குரல்:
ஓலைப்பெட்டி சார், நான் ஒரு கொயரில் (பாடகர் குழுவில்) பேஸ், அதாவது அடிக்குரல், பாடுகிறவன். கேட்பவர் இடத்தில் இல்லாமல், பாடுகிறவன் இடத்திலிருந்து சொல்கிறேன்.

கோமிதாஸின் 'கரூன் ஆ' என்ற பாட்டைப் போன வருடம் எடுத்தோம். 'வசந்தம் வந்தது, பனி பெய்தது. என் காதலன் என்னிடம் குளிர்ந்துபோனான். பொல்லாத நாக்கு உலர்ந்து போகட்டும்.' பாட்டே அவ்வளவுதான், நடுவில் 'வாய் லே லே' என்று ஒரு புலம்பல். தாளைப் பார்த்ததும் இதற்கா ஒரு மாலை ஒத்திகை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. மெட்டு யார் வாயிலும் ஐந்து நிமிடத்தில் ஏறிவிடுகிறது. மற்றக் குரல்கள்தான் சிக்கல். பேஸுக்குப் பெரும்பாலும் ஒரு சுவரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. கொஞ்சம் உரக்கப் போனால் மேலே பாடுகிறவள் பெரிய கச்சேரிக்காரி ஆகிவிடுகிறாள், கொஞ்சம் தளர்ந்தால் அவள் தனியாக நிற்கிறாள். அந்தக் கிராமத்துப் பெண் அழும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆட்கள் நாங்கள். அந்த ஆட்களை அங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது குடியானவர் இல்லை, கோமிதாஸ்.

//ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றை உண்டாக்கியவரை//
அப்படியானால் கச்சதூரியனும் தேர மாட்டார். சேபர் டான்ஸின் நடுவில் சாக்ஸபோனில் நெளிந்து வருகிற மெட்டு ஆர்மீனியாவின் கியும்ரி பக்கத்து நாட்டுப்பாட்டு என்பது உங்களுக்கும் தெரியும்.

ஓலைப்பெட்டி:
தெரியும். ஆனால் அதைச் சுற்றி அவர் கட்டியது ஒரு முழு வீடு. கோமிதாஸ் கட்டியது திண்ணை.

சுருதிப்பெட்டி:
திண்ணையா! அண்ணே, திண்ணைக்கும் அளவு தெரிந்தால்தான் கட்ட முடியும். கொஞ்சம் சுவரக் கணக்குப் போடுகிறேன், கர்நாடக சங்கீதம் அரைகுறையாகத் தெரிந்தாலே போதும்.

ஆர்மீனிய மெட்டுகள் ஸ்தாயியின் மேல் நிற்பதில்லை, நான்கு நான்கு சுவரத் துண்டுகளின் மேல் நிற்கின்றன என்று விளக்கியவரே கோமிதாஸ்தான். ச ரி க ம ஒரு துண்டு, க அந்தர காந்தாரம், அதாவது உயர்ந்த க. இதன் கடைசி சுவரமே அடுத்த துண்டின் முதல் சுவரம்: ம ப த நி. இடைவெளி மாறக் கூடாது என்பதால் நி கைசிகியாக, அதாவது தாழ்ந்த நி-யாக, விழுகிறது. அந்த நி-யிலிருந்து மூன்றாவது துண்டு: நி ச ரி க. இப்போது மேல் ஸ்தாயி காந்தாரத்தைப் பாருங்கள், 'சாதாரண காந்தாரம்' என்கிற தாழ்ந்த க! கீழே ஒரு க, மேலே வேறு க.

பல சுவரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கிற மேற்கத்திய ஹார்மனியோ ஸ்தாயி மாறினாலும் சுவரம் அதுவே என்ற தைரியத்தில் நிற்கிறது. 1896 முதல் 1899 வரை பெர்லினில் அதைத்தான் முறையாகக் கற்றார். கற்றதை அப்படியே இந்த மெட்டுகளுக்கு அடியில் வைத்தால் இடித்துக்கொண்டு நிற்கும். அதனால் மேஜர், மைனர் கோர்டுகளைக் குவிக்காமல், விட்டுப் பிடிக்கிற நான்காம் ஐந்தாம் இடைவெளிகள் (ச-ம, ச-ப போல), நீளமாக நிற்கும் ஒரு சுவரம், எதிர்க்குரலாக ஓடும் இன்னொரு மெட்டு என்று வேறு வழி தேடினார். படித்ததில் எதைப் போடக் கூடாது என்று முடிவு செய்வதும் இசையமைப்புதான்.

வடக்கு வாசல்:
நீங்கள் இருவரும் தப்பான இடத்தில் சண்டை போடுகிறீர்கள். அவர் இசையமைப்பாளர்தான், அதுதான் பிரச்சினையே!

ஆர்மீனியக் குடியானவர் பாட்டு ஒற்றைக் குரல் பாட்டு. கோவில் பாட்டும் அப்படியே. அதை நான்கு குரலாக்கி மேடையில் ஏற்றிவிட்டு 'இதுதான் எங்கள் தூய இசை' என்றால் எப்படி? கோவில் மெட்டுகளில் 'பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட' சுழிப்புகளை உதறினார், கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) பாடும் முறை கெட்டுப்போனது என்றார். எது ஒட்டிக்கொண்டது, எது பிறவியிலேயே இருந்தது என்று பிரித்த சல்லடை அவருடையதுதானே? அவர் பிறந்த வீட்டில் பேசியது துருக்கி மொழி. எச்மியாட்சினில் தலைமை குருவின் முன் நிறுத்தியபோது சிறுவனுக்கு ஆர்மீனியம் பேசவே வரவில்லை, பாடித்தான் காட்டினான். அப்படி வந்தவர் கடைசியில் அண்டை வீட்டுக் கலப்பில்லாத இசை என்று ஒன்றைத் தேடியது எனக்கு இடறுகிறது.

நாலாம் குரல்:
வடக்கு வாசல் சொல்வதில் பாதி சரி. சல்லடை அவருடையதுதான். ஆனால் அண்டை வீட்டைக் கண்டு முகம் சுளித்தவர் என்ற சித்திரம் பொருந்தாது. குர்துப் பாடல்களைக் குறிப்பெடுத்து 1903-ல் அச்சிலேயே கொண்டுவந்தார். தன் தாயும் தந்தையும் கட்டிய துருக்கி மொழிப் பாட்டுகளைக் குத்தாஹியாவில் இன்னும் முதியவர்கள் பாடுகிறார்கள், நான் குறித்துக்கொண்டேன் என்று தன்னைப் பற்றிய குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

நாட்டுப்பாட்டைத் தூக்கி மேடையில் வைத்தால் என்ன போகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? லோரி பகுதியில் வர்தப்லூர் என்ற கிராமத்து உழவுப் பாட்டு ஒன்றைப் பற்றி மட்டும் தனி ஆய்வு எழுதினார். பல ஜோடி மாடு பூட்டி இழுக்கிற கனத்த கலப்பை அது. உழவர் மாட்டை அதட்டுவது, கூவுவது, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுப்பது எல்லாவற்றையும் இசைக்குறிப்பில் பிடித்திருக்கிறார். உழவுப் பாட்டை வயலில்தான் பாடுவார்கள், வீட்டில் உட்கார்ந்து பாடச் சொன்னால் குடியானவருக்கு அது வேடிக்கையாக இருக்கும் என்பது அவர் கட்சி. மேடைக்கு எழுதும்போது தான் செய்வது வேறொன்று என்று தெரிந்தேதான் எழுதினார்.

ஓலைப்பெட்டி:
நன்றி, என் கட்சிக்கு நீங்களே வாதாடுகிறீர்கள். ஆய்வு, குறிப்பு, பதிவு. அறிஞர்! இதைத்தானே நானும் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆர்மீனிய இனப்படுகொலை தொடங்கிய 1915 ஏப்ரல் 24 அன்று கான்ஸ்டான்டினோபிளில் பிடித்துக்கொண்டு போன ஆர்மீனிய அறிவாளிகளில் இவரும் ஒருவர். உள்நாட்டு ஊரான சங்கிரிக்கு அனுப்பினார்கள். செல்வாக்குள்ளவர்கள் தலையிட்டதால் சில வாரங்களில் திரும்பிவிட்டார், கூடப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. 1916-ல் மனம் உடைந்து மருத்துவமனை. 1919-ல் பாரீஸுக்குக் கொண்டுபோனார்கள். 1935-ல் பாரீஸ் ஓரத்து வில்ஜுயிஃபில் இறக்கும் வரை ஒரு பாட்டும் எழுதவில்லை. யாருக்குத்தான் மனம் கசியாது? அந்தக் கசிவைத்தான் நாம் இசையின் மேல் ஏற்றிக் கேட்கிறோமோ என்று கேட்கிறேன்.

ரயில்வே காலனி:
பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியே, கோமிதாஸின் 'அந்தூனி' பாட்டு ஒன்று எழுதியிருந்தாலே போதும், இவர் பெரிய ஆள் என்றாராமே?

ஓலைப்பெட்டி:
'என்றாராம்' என்பதை வைத்து வழக்கு நடத்த முடியாது.

சுருதிப்பெட்டி:
டெபுஸி வேண்டாம், தேதியைப் பாருங்கள். பாரீஸில் அவர் பாடல்களை மேடையேற்றியது 1906 டிசம்பரில். அங்கே கைதட்டியவர்களுக்கு 1915 தெரியாது. 1910-ல் கான்ஸ்டான்டினோபிளில் குடியேறி 300 பேர் கொண்ட குசான் பாடகர் குழுவை நடத்தினாரே, அப்போது அவர் மேல் யாருக்கும் இரக்கம் இல்லை. கோவில் பாட்டைத் தியேட்டரில் பாடுகிறான் என்று சொந்தச் சபைத் தலைவர்களே எகிறினார்கள். இரக்கத்தால் வந்த பெயர் என்றால் இரக்கத்துக்கு முன்னாலேயே எப்படி வந்தது?

'அந்தூனி' வரிகளையும் பார்த்துவிடுங்கள். 'என் நெஞ்சு இடிந்த வீடுகளைப் போல, உத்தரங்கள் முறிந்தன, தூண்கள் ஆட்டம் கண்டன, காட்டுப் பறவைகள் உள்ளே கூடு கட்டும்.' ஊரை விட்டுப் போனவனின் பழைய பாட்டு. 1915-க்குப் பிறகு கேட்கிறவர்களுக்கு இது வேறாகத்தான் கேட்கும், அதில் தப்பில்லை. ஆனால் அந்த வாசிப்பை அவர் உள்ளே வைக்கவில்லை.

நாலாம் குரல்:
//அறிஞர்! இதைத்தானே நானும்//
ஒரே ஓர் உதாரணம் சொல்லி முடிக்கிறேன். ஆர்மீனியத் திருப்பலிக்குப் 'பதராக்' என்று பெயர். திப்லிஸில் மகார் யெக்மாலியான் என்பவர் அதற்குப் பாடகர் குழு இசை எழுதி 1896-ல் லைப்ஸிக்கில் அச்சிட்டார். கோமிதாஸ் அவரிடம் கொஞ்ச காலம் படித்தவர். பிறகு தானும் ஆண் குரல்களுக்காக ஒரு பதராக் எழுதினார். இரண்டிலும் அடியில் இருப்பது பரம்பரைக் கோவில் மெட்டுகள். யெக்மாலியானைக் கேட்டால் நல்ல ஐரோப்பியத் தேவாலயத்தில் ஆர்மீனியர்கள் பாடுவது போல இருக்கும். கோமிதாஸைக் கேட்டால் கல் கட்டடம். கனமாக, ஜன்னல் குறைவாக, ஒரு குரல் கிளம்பினால் அது சுவரில் பட்டுத் திரும்புவது போல. சேகரித்தது மட்டும்தான் இவர் வேலை என்றால் இரண்டும் ஏன் ஒரே மாதிரி இல்லை?

அவருடைய பதராக் 1933-ல்தான் பாரீஸில் அச்சானது. பதிப்பித்தவர் மாணவர் வர்தான் சர்க்சியான். எழுதியவர் அப்போது அதே ஊரின் ஓரத்தில் மனநோய் மருத்துவமனையில் இருந்தார்.

ஓலைப்பெட்டி:
யெக்மாலியானைக் கொண்டுவந்தது நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆர்மீனியக் கோவில்களில் ஞாயிற்றுக்கிழமை அதிகம் பாடுவது இன்றும் யெக்மாலியான்தான், அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் :)

நாலாம் குரல்:
சொல்லாமல் விட்டதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஆமாம். அது பாட வசதியானது.

ரயில்வே காலனி:
எனக்கு ஸ்வரக் கணக்கு பாதியில் கைவிட்டுப் போனது. முதலில் எதைக் கேட்கலாம்? நாலு குரல் வேண்டாம், ஒரு குரல் போதும்.

சுருதிப்பெட்டி:
1912-ல் பாரீஸில் பதிவான இசைத்தட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. அர்மனாக் ஷா முராதியான் பாட, கோமிதாஸ் பியானோ. 'க்ரூங்க்' என்ற கொக்குப் பாட்டில் ஆரம்பியுங்கள். கோமிதாஸ் குரலிலேயே பாடியவையும் உண்டு.

ஓலைப்பெட்டி:
நேற்று இரவு 'க்ரூங்க்' கேட்டேன். எண்ணெய்ச் சட்டி பொரிகிற மாதிரி உரசல், அதற்குள்ளிருந்து ஒரு டெனர், உச்ச ஆண் குரல். வாசிக்கிறவர் பெர்லினில் படித்தவர், நினைத்திருந்தால் என்னென்னவோ செய்திருக்கலாம். பியானோ பின்னாலேயே நிற்கிறது. 15 டிரம்பெட்காரனுக்கு அதுதான் முதலில் காதில் பட்டது.

கட்சி மாறவில்லை. 'சேகரிப்பாளர்' என்பதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சின்ன அளவில் எழுதிய பெரிய கை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். முழு நீள வேலை என்று ஒன்று இல்லாத குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

வடக்கு வாசல்:
அந்தப் பாட்டில் 'எங்கள் நாட்டிலிருந்து ஒரு சின்னச் சேதி உண்டா' என்று கொக்கைக் கேட்கிற வரியில் 'கப்ரிக்' என்று வரும், கவனித்தீர்களா? இந்திச் செய்திச் சேனலில் கத்துகிற அதே 'கபர்', செல்லமாகக் குறுக்கியது. அரபியில் கிளம்பி வந்த சொல். என் சல்லடைப் புகாருக்கு எதிரான சாட்சியை நானே கொடுக்கிறேன், அவர் அதை எடுத்தெறியவில்லை.

நாலாம் குரல்:
ஓலைப்பெட்டி சார், முழு நீள வேலை கேட்டீர்களே, பதராக் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும்.

ஓலைப்பெட்டி:
ஞாயிற்றுக்கிழமை காலை உட்காருகிறேன். அதுவரை இழையைப் பூட்டாதீர்கள்.