மார்த்தாண்டத்தில் இரண்டு ஷட்டர் கடை, 80 லட்சம்: வாங்கலாமா?

தக்கலைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தக்கலை பக்கம், வேலை மஸ்கட்டில். அடுத்த வருஷம் மொத்தமாக ஊருக்கு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். கையில் உள்ளதை எதிலாவது போட்டு மாதாமாதம் வாடகை வரும்படி செய்துகொள்ள வேண்டும். வீடு கட்டி விட்டால் குழாய் ஒழுகுது, சுவர் பூக்குது என்று ராத்திரி போன் வரும், கடை என்றால் அந்தத் தொல்லை இல்லை என்று மச்சான் சொல்கிறான்.

ஒரு புரோக்கர் இரண்டு இடம் காட்டியிருக்கிறார். ஒன்று மார்த்தாண்டத்தில், வெட்டுமணிக்குக் கொஞ்சம் முன்னால், மேம்பாலத்துக்குக் கீழே ரோட்டைப் பார்த்து. ஒன்றரை செண்ட், கீழே இரண்டு ஷட்டர், மேலே ஒரு ஹால். விலை 80 லட்சம். கீழே இரண்டு ஷட்டரையும் ஒரே ஆள் எடுத்து ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறார், வாடகை 18,000 என்று ஒப்பந்தத்தைக் காட்டினார். மேல் ஹால் காலி. அதை விட்டால் இன்னும் பத்தாயிரம் வரும் என்கிறார்.

இன்னொன்று நாகர்கோவில் ஆசாரிபள்ளம் ரோட்டில் ஒரு காம்ப்ளெக்ஸில் முதல் மாடிக் கடை. 42 லட்சம் சொல்கிறார்கள், குறைப்பார்களாம்.

பக்கத்தில் கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகம் வந்தாச்சு, நாலுவழிச்சாலையும் முடியப்போகுது, அஞ்சு வருஷத்தில் விலை இரட்டிப்பு என்பது புரோக்கர் கணக்கு. போன லீவுக்கு வந்தபோது மார்த்தாண்டத்திலும் நாகர்கோவில் கோர்ட் ரோட்டிலும் ‘கடை வாடகைக்கு’ போர்டுகளை நிறையப் பார்த்தேன். அதுதான் இடிக்கிறது. நிலவரம் உண்மையில் எப்படி? ஊரில் கடை வைத்திருப்பவர்கள் சொன்னால் நல்லது.

செட்டிகுளம் தையல்காரி:

அண்ணா, நான் வாடகைக்கு இருக்கிறவள். நாகர்கோவிலில் சின்னதாக ஒரு பொட்டிக் நடத்துகிறேன். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

வாடகை ஏறுகிறது, வியாபாரம் அந்த அளவுக்கு ஏறவில்லை. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வாடகையைக் கூட்ட ஓனர் வந்து நிற்பார். கிறிஸ்துமஸ், பொங்கல், ஓணம், அப்புறம் கல்யாண மாதங்கள். இதில் சம்பாதித்துத்தான் மற்ற மாதம் வாடகை கொடுக்கிறோம். ஆடியில் கடை திறந்து வைத்தால் ஃபேன் காற்று எனக்கு மட்டும்தான்.

ஜிஎஸ்டி விஷயம் பல ஓனர்களுக்கே தெரியாது. கடைக்காரர் ஜிஎஸ்டியில் பதிந்தவர், ஓனர் பதியாதவர் என்றால் 2024 அக்டோபர் 10 முதல் வாடகை மேல் 18 சதவீத வரியைக் கடைக்காரரே கட்ட வேண்டும். பிறகு தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்து கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் காசாக எடுத்து வைக்க வேண்டுமே. காம்போசிஷனில், அதாவது சின்ன வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில், இருப்பவர்களுக்குப் பிறகு விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஆகவே 18,000 வாடகைக்கு வரும் ஆள் மனதுக்குள் 21,240 என்று போட்டுப் பார்த்துத்தான் பேரம் பேசுவார்.

பழைய பெயிண்ட்கடை:

தம்பி, நான் மார்த்தாண்டத்தில் ரொம்ப காலம் பெயிண்ட், ஹார்டுவேர் கடை நடத்தியவன். இப்போது கடையை மூடிவிட்டு அதே கட்டடத்தை வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகை கொடுத்தவனும் நான்தான், வாங்குகிறவனும் நான்தான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 18,000 மாதம் என்றால் வருஷத்துக்கு 2,16,000. எண்பதுக்கு 2.7 சதவீதம். முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக ஒன்பது சதவீதம். முழு விலைக்குப் பதிந்தால் 7 லட்சத்து 20 ஆயிரம் அங்கேயே போகும். 87 லட்சத்துச் சொச்சத்துக்கு இரண்டரை சதவீதம்கூடத் தேறாது. இதில் சொத்துவரி இருக்கிறது, புரோக்கர் கமிஷன் இருக்கிறது, ஆள் மாறும்போது இரண்டு மூன்று மாதம் சும்மா கிடக்கும். பேங்கில் போட்டால் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும், ஷட்டருக்கு கிரீஸ் போடவும் வேண்டாம்.

பிறகு ஏன் 80 லட்சம் சொல்கிறான்? நம்ம குமரி ஜில்லாவில் கடையின் விலைக்கும் வாடகைக்கும் சம்பந்தம் கிடையாது. வளைகுடாப் பணம் வருகிறது, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், இடமோ செண்டுக் கணக்கில்தான் இருக்கிறது. ரோட்டோரம் ஒரு செண்ட் இருந்தால் அது பரம்பரை மானம். வாடகையை நம்பி அடுப்பெரிக்கும் நிலையில் ஓனர் இல்லை. அதனால்தான் கடை ஒரு வருஷம் பூட்டிக் கிடந்தாலும் வாடகையை ஆயிரம் ரூபாய் குறைக்க மாட்டான். குறைத்தால் பக்கத்துக் கடைக்காரனும் கேட்பானே என்ற பயம் வேறு. நீங்கள் பார்த்த போர்டுகளுக்கு வியாபாரம் மந்தம் ஒரு காரணம், இந்தப் பிடிவாதம் இன்னொரு காரணம். போர்டை உற்றுப் பாருங்கள். போன் நம்பரில் ஒரு எண்ணை அடித்து மேலே வேறு எண் எழுதியிருக்கும், ஃபிளெக்ஸ் வெயிலில் வெளுத்து ‘வாடகைக்கு’ மட்டும் மிச்சம் இருக்கும். அந்தக் கடையின் ஓனர் துபாயில் இருப்பார்.

இனி மேம்பாலம். 2018 கடைசியில் மேலே வண்டி ஓடத் தொடங்கியது. பம்மம் தொட்டு வெட்டுமணி வரை கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோமீட்டர். அதற்கு முன் திருவனந்தபுரம் போகிற கார்க்காரன் மார்த்தாண்டம் நெரிசலில் நின்று நின்று போவான். நிற்கிறவன் ஒரு டீ குடிப்பான், பிள்ளைக்குச் செருப்பு வாங்குவான். இப்போது அவன் தலைக்கு மேலே போய்விடுகிறான். நெரிசல் குறைந்தது நல்லதுதான், எனக்கும் முட்டுவலி, ரோட்டைக் கடக்க லேசாக இருக்கிறது. ஆனால் வழிப்போக்கனை நம்பிய கடை அடிவாங்கியது. கருங்கல், குலசேகரம், அருமனை பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து சாமான் வாங்குகிற கூட்டத்தை நம்பிய கடை தாக்குப்பிடித்தது. ஆகவே உங்கள் இடம் பஸ் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை அடி நடை, அதைப் பாருங்கள். அதுவும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் பஸ் ஏறும் பக்கமா, காலையில் வந்து இறங்கும் பக்கமா என்று பாருங்கள். காலையில் இறங்குகிறவன் எதுவும் வாங்க மாட்டான்.

அடுத்தது முக்கியம். அந்த 18,000 ஒப்பந்தத்தை அப்படியே நம்பாதீர்கள். விற்கிறதற்கு முன்னால் மச்சினனையோ தெரிந்தவனையோ கடையில் உட்கார வைத்து, பெரிய வாடகைக்கு எழுதி, விலையை ஏற்றுவது இங்கே புது வேலை இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கரண்ட் கனெக்‌ஷன் நம்பரைக் கேளுங்கள். அதை வைத்து மின்வாரிய இணையதளத்தில் பழைய பில்களைப் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். துணிக்கடை என்றால் லைட் எரியும், ஃபேன் ஓடும், பொம்மைக்கு மேலே ஃபோகஸ் விளக்கு நாலு இருக்கும். யூனிட் பத்தும் இருபதுமாக இருந்தால் அங்கே வியாபாரம் நடக்கவில்லை என்று அர்த்தம். திடீரென்று போன பில்லில் மட்டும் கூடியிருந்தால் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். நம்பர் தரமாட்டேன் என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

ஒரு மழை நாளிலும் போய்ப் பாருங்கள். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, பல கடைகள் ரோட்டைவிடத் தாழ்ந்துவிட்டன. ஷட்டரின் அடிப்பட்டையைக் குனிந்து பாருங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் துரு ஒரே கோடாக ஏறியிருந்தால் தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது. புதிதாக சில்வர் பெயிண்ட் அடித்திருந்தால் நகத்தால் ஒரு கீறு கீறுங்கள். பெயிண்ட் விற்றவன் சொல்கிறேன், துருவின் மேல் அடித்த பெயிண்ட் செதிலாக வரும்.

மேல் ஹாலுக்குப் பத்தாயிரம் என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். டியூஷன் சென்டரோ, நகைக்கடன் கம்பெனியோ வந்தால் உண்டு, இல்லாவிட்டால் புறாதான் இருக்கும்.

ஆசாரிபள்ளம் ரோட்டைப் பற்றி ஒரே வரி: மெடிக்கல் காலேஜ் இருக்கிறதால் மருந்துக்கடை, லேப், சாப்பாட்டுக்கடை அங்கே நிலைக்கும், ஆனால் அவர்கள் மாடிக்கு ஏற மாட்டார்கள்.

குமரி இடம் பார்க்க:

பெரியவர் சொல்வதில் பாதி சரி. நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், மறைக்கவில்லை. வாடகையை மட்டும் பார்த்தால் ஜில்லாவில் யாருமே கடை வாங்க முடியாது. இங்கே வாங்குகிறவன் இடத்துக்காக வாங்குகிறான், வாடகை அதன்மேல் வரும் கைச்செலவு. நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆனது. கன்னியாகுமரியில் 2024 டிசம்பர் கடைசியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்தார்கள், 77 மீட்டர். விழிஞ்ஞத்தைப் பிரதமர் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். இதெல்லாம் காற்றில் போகாது. இன்று 80 என்று யோசித்தால் நாளை 95 என்பார்கள், அப்போது என்னைத் திட்டக் கூடாது.

பழைய பெயிண்ட்கடை:

உங்கள் தொழிலைக் குறை சொல்லவில்லை சாரே. ஆனால் விழிஞ்ஞம் என்ன மாதிரி துறைமுகம் என்று பாருங்கள். பெரிய கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டியை இறக்கி வேறு கப்பலில் ஏற்றி அனுப்புகிற வேலைதான் அங்கே முக்கியம். பெட்டி கடலோடு வந்து கடலோடு போகிறது. அதற்கு வெட்டுமணியில் ரெடிமேட் துணிக்கடை எதற்கு? கிடங்கு, லாரி நிறுத்தம் என்று வந்தால் ஏக்கர் கணக்கில் இடம் தேடுவான், ஒன்றரை செண்டை அல்ல. நாலுவழிச்சாலை முடிந்தால் ஊருக்குள் வராமலே போகிற வண்டி இன்னும் கூடும். பாலத்தில் ஒருமுறை பார்த்தாச்சு.

கண்ணாடிப் பாலம் கன்னியாகுமரியில் கடை வைத்திருப்பவனுக்கு நல்லது. அங்கே கார்த்திகை தொட்டுத் தை வரை ஐயப்ப பக்தர் கூட்டம், அந்த சீசன் வாடகைக் கணக்கே தனி. அதை மார்த்தாண்டத்தோடு சேர்த்துப் பேசினால் எப்படி?

தக்கலைக்காரன்:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. மச்சானை அனுப்பி கனெக்‌ஷன் நம்பர் வாங்கிப் பார்த்தேன். கடைசி பில்லுக்கு முந்தின எல்லாமே சொற்பம், கடைசி பில் மட்டும் எகிறியிருக்கிறது. புரோக்கரிடம் கேட்டதற்கு, முன்னால் குடோனாக வைத்திருந்தார்கள் என்கிறார். அப்படியானால் ‘அஞ்சு வருஷமா அதே ஆள்’ என்று எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

அந்த ஆள் உண்மையிலேயே துணிக்கடை நடத்துகிறவராக இருந்து, வாடகை 12,000 என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவுக்குக் கேட்கலாம்? இடம் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

பத்திரம் பார்ப்பவன்:

விலைக்கு முன்னால் காகிதம். நான் ஆதார எழுத்து, அதாவது பத்திரம் எழுதும், ஆபீஸில் இருக்கிறேன். மூலப்பத்திரம் எந்த வருஷம் என்று கேளுங்கள். 1956 நவம்பர் 1க்கு முன்னால் நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம், அதனால் பழைய ஆதாரங்கள் பல மலையாளத்தில் இருக்கும். விற்கிறவர் தரும் தமிழ்ச் சுருக்கத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மலையாளம் படிக்கத் தெரிந்த வக்கீலிடம் மூலத்தையே கொடுங்கள். ஒன்றரை செண்டுக்கு எத்தனை பங்காளிகள், சகோதரிகளிடம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்கியிருக்கிறார்களா, பின்பக்கம் போகிற வழி யாருடையது, எல்லாம் அதில்தான் இருக்கும். பிளான் அனுமதி வீட்டுக்கு வாங்கி முன்பக்கத்தைக் கடையாக்கியது நிறைய உண்டு. சொத்துவரி ரசீதில் குடியிருப்பா வணிகமா என்று பாருங்கள், அங்கேயே தெரிந்துவிடும்.

வாடகை ஒப்பந்தமும் கேளுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்திருக்க வேண்டும். வேறு மாதிரி உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. இங்கே லட்சக்கணக்கில் வாங்கியிருப்பார்கள். கடையை நீங்கள் வாங்கினால் அந்த அட்வான்ஸைத் திருப்பித் தரும் பொறுப்பும் உங்கள் தலையில் வரும். அதனால் விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஊருக்கு வருவதற்கு முன்பே வாங்கினால் வருமான வரிக் கணக்கில் நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர். வாடகை தருபவர் 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடித்துக் கட்ட வேண்டும். சின்னக் கடைக்காரர்கள் இதைக் கேட்டாலே வேறு கடை பார்க்கப் போய்விடுவார்கள்.

பழைய பெயிண்ட்கடை:

எவ்வளவுக்குக் கேட்கலாம் என்றால், 12,000 உண்மை என்றால் நான் 50க்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன். அவன் தரமாட்டான், அது வேறு விஷயம். இடம் பிடித்துவிட்டது என்பதை மட்டும் மச்சான் வாயால் புரோக்கரிடம் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போர்டு தொங்குகிற கடையில் ஒன்றை இரண்டு வருஷம் வாடகைக்கு எடுத்து நீங்களே ஏதாவது நடத்திப் பார்க்கும் யோசனை இருந்தால் சொல்லுங்கள், காந்தி மைதானம் பக்கம் இரண்டு ஓனர்களை எனக்குத் தெரியும். ஒருவர் கொஞ்சம் இறங்கி வருவார்.