எம்ஜிபி காரில் வெபர் 45 கார்புரேட்டர்: மாட்டியவர்கள் கண்டதைச் சொல்லுங்கள்

1967 எம்ஜிபி, 1798 சிசி. இரட்டை எஸ்யூ ஹெச்எஸ்4 கார்புரேட்டர்கள் போய் ஒற்றை வெபர் 45 டிசிஓஇ வந்தது. ஐடிலிங் சுத்தம். 3500 ஆர்பிஎம் தொட்டதும் இடறல். மெயின் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் துளை) 145, 150, 155 என மாற்றியும் அதே இடத்தில் அதே இடறல். ஜெட் மூடியைத் திறந்து வைத்து ஆர்பிஎம்மை ஏற்றியபோதுதான் தெரிந்தது: உள்ளே பெட்ரோல் இல்லை, வெறும் நுரை! கார்புரேட்டரைப் பிடிக்கும் நாலு நட்டையும் முழுக்க இறுக்கியதில், அதிர்வைத் தாங்கும் தாக்கரே வாஷர்கள் (ஸ்பிரிங் போன்ற இரட்டைச் சுருள்) நசுங்கிக் கிடந்தன. என்ஜின் அதிர்வு நேராக ஃப்ளோட் அறைக்கு, அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் இடத்துக்கு. சுருளுக்கிடையே 1 மி.மீ. விட்டு தானாகத் தளராத நைலாக் நட்டு போட்டதும் அடங்கியது. கையால் ஆட்டினால் கார்புரேட்டர் லேசாக அசைய வேண்டும்.

---

நுரை சரிதான். ஆனால் ஹெச்எஸ்4-ஐ ஏன் கழற்ற வேண்டும்? "தேய்ந்துபோச்சு" என்று ஒதுக்கிய ஒரு ஜோடி: ஐடிலிங் ஏறி இறங்கியது. த்ராட்டில் ஸ்பிண்டில் (காற்றுத் தகடு சுழலும் தண்டு) முனையில் கிளீனர் அடித்த நொடியே ஆர்பிஎம் மாறியது. ஸ்பிண்டில் வழியே காற்று இழுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்பிண்டிலும் புஷ்ஷும் மாற்றினால் போதும்.

வெபர் வாங்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். முதலில் இக்னிஷன் டைமிங், வால்வ் இடைவெளி. பிறகு எஸ்யூ ஜெட்டைப் பிரிட்ஜ் (கார்புரேட்டர் வாயின் அடித்தளம்) மட்டத்துக்கு ஏற்றி, ஜெட் நட்டை 12 முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று இறக்குங்கள். கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தூக்கி விட்டால் "டக்" என்று விழ வேண்டும். விழாவிட்டால் ஜெட் நடுவில் இல்லை. பிஸ்டனைத் தூக்கும் சிறு கம்பியான லிஃப்ட் பின்னைக் கொண்டு அதை 0.8 மி.மீ. தூக்கும்போது ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், என்ஜின் அணைந்தால் குறைவு, சற்றே ஏறித் திரும்பினால் சரி. டாஷ்பாட்டில் (பிஸ்டன் சட்டென ஏறாமல் தடுக்கும் குழாய்) எஸ்ஏஇ 20 ஆயில். அது இல்லாமல் ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் திணறும். இரண்டு பிஸ்டனையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவாதீர்கள். ஒவ்வொன்றும் தன் மூடியோடு பொருத்தித் தயாரிக்கப்பட்டது, மாறினால் ஒட்டும். வேறு ரக ஏர் ஃபில்டர் போட்டால் நீடிலும் (ஜெட்டுக்குள் இறங்கும் ஊசி) மாற வேண்டியிருக்கும். இதை மறந்துவிட்டு எஸ்யூ-வைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம்.

---

மேலே எழுதியவருக்கு: தெருவில் ஓடும் காருக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். பெரிய வால்வும் கூடுதல் பவருக்கான கேம்ஷாஃப்டும் போட்டபின் ஹெச்எஸ்4 மூச்சு முட்டும்.

முதல் பதிவர் மெயின் ஜெட்டோடு மல்லுக்கட்டியது போலவே பலர் 2000 ஆர்பிஎம் தடுமாற்றத்துக்கும் அதையே மாற்றுகிறார்கள். அந்த வேகத்தில் பெட்ரோல் தருவது ஐடில் ஜெட்டும், த்ராட்டில் சற்றே திறக்கும்போது பெட்ரோல் விடும் புரோகிரஷன் துளைகளும். மெயினுக்குத் தொடக்கக் கணக்கு: சோக் (காற்று போகும் குறுகிய வளையம்) அளவு × 4. 36 சோக்குக்கு 144, அதாவது 145 ஜெட்.

ஒரு வண்டியில் கண்டது இன்னும் உறுத்துகிறது. 6 பிஎஸ்ஐ தரும் மின்பம்ப், ரெகுலேட்டர் இல்லை. அழுத்தம் ஃப்ளோட் அறையின் நீடில் வால்வைத் தள்ளித் திறந்து, டிரம்பெட் (காற்று நுழையும் புனல்) வாயிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. எம்ஜிபியில் அதற்கு நேர் கீழேதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்! வெபருக்கு 3 பிஎஸ்ஐ போதும். நடுவிலிருக்கும் ஹீட் ஷீல்டை, இடம் போதவில்லை என்று வெட்டி எறியாதீர்கள்.