தாளைத் தலைகீழாகப் பிடித்தவன் வாசித்தானா?

சுண்ணாம்புக்கட்டி: ‘வாசிப்பு நாடகம் (கதையைப் பாத்திரங்களாகப் பிரித்துத் தாளைப் பார்த்து வாசிப்பது) போட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே மாதத்தில் சரளமாக வாசிப்பார்கள்’ என்று தாமரை டீச்சர் நேற்று எழுதி, காக்கா நரி காணொளியும் போட்டிருக்கிறார். நரியாக வரும் பையன் தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். இது வாசிப்பா, ஒப்பிப்பா?

தாமரை டீச்சர்: அது கடைசி நாள் சார். அதுவரை தாளைப் பார்த்துத்தான் வாசித்தார்கள். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாய்விட்டு வாசித்தால் சரளம் வரும் என்று அமெரிக்க வாசிப்பு ஆய்வாளர் சாமுவேல்ஸ் 1979இலேயே எழுதிவிட்டார். ‘பாடத்தை வாசிடா’ என்றால் முனகுகிறவன், நரி வசனம் என்றால் சொல்லாமலே பத்துத் தடவை வாசிக்கிறான்.

சுண்ணாம்புக்கட்டி: சாமுவேல்ஸ் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னாரா?

மேலூரான்: பிள்ளைகள் தாங்களே எடுத்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் அட்டை வந்தபோதும் இதே பாட்டுத்தான் பாடினீர்கள்.

சுண்ணாம்புக்கட்டி: அந்த அட்டையெல்லாம் இப்போது எங்கே? பீரோவில். 2022இல் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். அந்தப் பையன் எதில் இருக்கிறான்? வசனத்தில் ‘பாட்டு’ வரும் இடத்தில் ‘பட்டு’ என்று அச்சடித்துக் கொடுங்கள். அப்போதும் ‘பாட்டு’ என்றே சொல்வான்.

தாமரை டீச்சர்: மொட்டு. அப்புறம், வாராவாரம் பாத்திரத்தை மாற்றுகிறோம். நரி காக்கா ஆகும், காக்கா கதைசொல்லி ஆகும். மனப்பாடம் எப்படி நிற்கும்?

சுண்ணாம்புக்கட்டி: எல்லா வசனமும் காதில் விழுகிறதே, நிற்காதா? தாள் தலைகீழ். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

குறிஞ்சி அம்மா: நாடகம் என்று சொல்லி என் மகளுக்குக் காக்கா உடுப்பு வாடகைக்கு எடுக்க வைத்தார்கள். வெயிலில் அழுதே விட்டாள்.

தாமரை டீச்சர்: அது ஆண்டு விழாம்மா. இதில் உடுப்பே கிடையாது. உட்கார்ந்த இடத்தில் குரலை மாற்றி வாசித்தால் போதும்.

குறிஞ்சி அம்மா: வாடகைப் பணத்தை யார் தருவார்?

மேலூரான்: சங்கத் தேர்தலில் தோற்ற கோபம் சாருக்கு. பாவம், நரிப் பையன் மாட்டிக்கொண்டான்.

சுண்ணாம்புக்கட்டி: சங்கத்தை இழுக்காதே தம்பி. நீ பயிற்சி ஆசிரியராக என் வகுப்பில் நின்று திணறியதை நான் எழுதட்டுமா? காணொளியைப் பெரிதாக்கிப் பார். பக்க எண் கவிழ்ந்து கிடக்கிறது.

தாமரை டீச்சர்: கேமராவுக்குத் தெரிவது தாளின் பின்பக்கம் சார். இரண்டு பக்கமும் நகல் எடுத்தபோது கடையில் ஒரு பக்கத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

சுண்ணாம்புக்கட்டி: ஓகோ, இப்போது கடைக்காரர் மேல் பழியா? எல்லார் தாளும் அப்படியா, இவன் தாள் மட்டுமா?

மேலூரான்: சார், தூங்கப் போங்க.

சுண்ணாம்புக்கட்டி: இன்னும் பதில் வரவில்லை.