வாஹாவ் திராட்சைச் சரிவுகளில் சைக்கிள்: போய் வந்தவர்கள் சொல்வது

ஆற்றோரம்:
ஜெர்மனியின் பஸ்ஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் ஆற்றின் கரைப் பாதை சுமார் 320 கி.மீ. வழிகாட்டியோடு போகும் குழுக்கள் இதை ஏழெட்டு நாளில் முடிக்கும். இதில் மெல்க் முதல் கிரெம்ஸ் வரையுள்ள 36 கி.மீ. சொச்சம்தான் வாஹாவ். 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பள்ளத்தாக்கு இது. பல பயணத் திட்டங்களில் இந்தத் துண்டை ஒரே நாளில், சில சமயம் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஓட்டிவிடுகிறார்கள். மொத்தப் பயணத்திலும் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "வழியிலுள்ள ஷ்பிட்ஸ் ஊரில் ஓர் இரவு தங்குகிறோமா?" ஆமாம் என்றால் அந்தத் திட்டத்தை நம்பி எடுக்கலாம்.

முதல் நாள் காலை மெல்க் மடாலயம். பிறகு பாலத்தைத் தாண்டி வடகரையில் எம்மர்ஸ்டார்ஃப், அக்ஸ்பாஹ் வழியாக வில்லன்டார்ஃப். 1908-ல் கற்காலத்துப் பெண்ணுருவச் சிலை கிடைத்த ஊர் அது. அடுத்தது ஷ்பிட்ஸ். மொத்தம் 20 கி.மீ.க்குள்தான், சமதளம். ஊருக்கு நடுவே எழும் குன்றுக்கு "ஆயிரம் வாளிக் குன்று" என்று பெயர். நல்ல மகசூல் ஆண்டில் ஆயிரம் வாளி ஒயின் தருமாம்.

இரண்டாம் நாள் ஷ்பிட்ஸில் படகு ஏறி எதிர்க்கரை ஆர்ன்ஸ்டார்ஃபுக்குப் போங்கள். அந்தப் படகுக்கு எஞ்சின் கிடையாது. ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பி வடம்; படகு அதில் தொங்கியபடி நிற்கும். படகோட்டி சுக்கானைத் திருப்பிப் படகை நீரோட்டத்துக்குச் சாய்வாக வைத்ததும் ஆறே அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். சத்தமே இருக்காது, பலகையில் தண்ணீர் உரசுவது மட்டும் கேட்கும். தென்கரையில் வாதுமைத் தோப்புகள், வண்டி குறைவு. வடகரை மலைச்சரிவை முழுசாகப் பார்க்க இந்தக் கரைதான் சரி. செயின்ட் லோரென்ஸில் மறுபடி படகு ஏறி வைசென்கிர்ஹன், பிறகு டூர்ன்ஷ்டைன், கிரெம்ஸ்.

வாதுமை என்று எழுதிவிட்டேன், அவை ஏப்ரிகாட் மரங்கள். அங்கே அதை "மரில்லே" என்பார்கள். ஏப்ரலில் பூ, ஜூலையில் பழம்.

ஏழாம்கியர்:
அண்ணன் பாதையைச் சொல்லிவிட்டார். நான் வண்டியைச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் நாளில் விழுபவர்களில் பலர் பிரேக்கால் விழுகிறார்கள்.

நம் ஊர் சைக்கிளில் வலது கைப் பிடி முன்சக்கர பிரேக். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் பெரும்பாலும் இடது கைதான் முன்சக்கரம். பழக்கத்தில் இடது கையை இறுக்கினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். சரளையில் அப்படியே சறுக்கும். வண்டி கைக்கு வந்ததும் சக்கரத்தை உருட்டி எந்தக் கை எதைப் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

அடுத்தது பின்மிதி பிரேக். ஏழு கியர் வாடகை வண்டிகள் பலவற்றில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் நிற்கும். பழக்கமில்லாதவர் ஓடும்போது காலைச் சும்மா பின்னால் சுழற்றுவார், வண்டி சடாரென நிற்கும், பின்னால் வருபவர் வந்து மோதுவார். இன்னொரு தொல்லை, நின்ற பிறகு பெடலைப் பின்னால் சுழற்றிக் கால் வைக்கும் உயரத்துக்குக் கொண்டுவர முடியாது. நிற்பதற்கு ஒரு சுற்று முன்பே வலது பெடல் கொஞ்சம் மேலே இருக்குமாறு நிறுத்தப் பழகுங்கள். வேண்டாம் என்றால் பதிவு செய்யும்போதே "பின்மிதி பிரேக் இல்லாத வண்டி" என்று எழுதிக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

சீட் உயரம்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும், அதுவே அளவு. தரையில் இரு பாதமும் படிய வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்துபவர்களுக்கு மூன்றாம் நாள் முட்டி வலிக்கும். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் ஜட்டி போடக்கூடாது. அந்தத் தையல்தான் தோலை உராய்ந்து புண்ணாக்கும்.

கேள்வி, மிதிப்பவன்:
இ-பைக் எடுக்கலாமா? காற்று எப்படி?

ஏழாம்கியர்:
வாஹாவில் ஏற்றமே இல்லை, முட்டி நன்றாக இருந்தால் சாதா வண்டி போதும். இ-பைக் 25 கிலோ வரை இருக்கும், ரயிலில் தூக்கி ஏற்றும்போது தெரியும். எடுத்தால் தினமும் இரவு பேட்டரியைக் கழற்றி அறையில் சார்ஜ் போடுங்கள். அதன் சாவியை வண்டியிலேயே விடாதீர்கள். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். எல்லாரும் பஸ்ஸாவில் தொடங்கி வியன்னா நோக்கிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பச்சைக்கொத்து:
ஒயினைப் பற்றி யாரும் இன்னும் சரியாகச் சொல்லவில்லை. வாஹாவின் உலர் வெள்ளை ஒயின்களுக்கு மூன்று தரப்பெயர்கள். ஷ்டைன்ஃபெடர், ஆல்கஹால் 11.5 சதவீதம் வரை. ஃபெடர்ஷ்பீல், 11.5 முதல் 12.5. ஸ்மரக்ட், 12.5-லிருந்து மேலே. ஸ்மரக்ட் என்பது திராட்சைச் சரிவின் கல்சுவர்களில் வெயில் காயும் பச்சைப் பல்லியின் பெயர். அந்தச் சுவர்களை நெருங்கிப் பாருங்கள்: சாந்தே இல்லாமல் கல்லைக் கல்லோடு கவ்வவைத்து அடுக்கியவை. மழைநீர் இடுக்கு வழியாக வடியும், பகல் சூட்டைக் கல் இரவுக்கு வைத்திருக்கும். மேலே பாறை மண்ணில் ரீஸ்லிங் திராட்சை, கீழே படிந்த வண்டல் மண்ணில் க்ரூனர் வெல்ட்லினர் திராட்சை. ஒரே தோட்டக்காரரிடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால் மண்ணின் வித்தியாசம் நாக்கிலேயே தெரியும்.

திராட்சை விவசாயி வீட்டு வாசலில் பச்சை இலைக்கொத்து தொங்கினால் அன்று அங்கே ஒயின் கடை உண்டு. விவசாயி தன் ஒயினைத் தன் வீட்டிலேயே விற்கலாம் என்று 1784-ல் இரண்டாம் ஜோசப் பேரரசர் தந்த உரிமையின் தொடர்ச்சி அது. ஒவ்வொரு வீடும் வருஷத்தில் சில வாரங்கள்தான் திறக்கும், மாறி மாறி. தேதி அட்டவணையை முதல் நாளே தங்குமிடத்தில் கேட்டு வையுங்கள். யூரோவைக் கையில் வைத்திருங்கள், எல்லா வீட்டிலும் அட்டை வாங்க மாட்டார்கள்.

அங்கே சூடான சமையல் இருக்காது, ரொட்டியும் தொடுகறியும்தான். சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: ரொட்டியில் வெள்ளையாகத் தடவி மேலே வெங்காயம் தூவியிருந்தால் அது வெண்ணெய் இல்லை, பன்றிக் கொழுப்பு. பெயர் ஷ்மால்ஸ். ஆரஞ்சு நிறத்தில் இருப்பது லிப்டவர், மிளகாய்ப்பொடி சேர்த்த தயிர்க்கட்டி. அதில்கூடச் சிலர் நெத்திலி மீன் அரைத்துச் சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். "ஓனே ஃப்ளைஷ், ஓனே ஃபிஷ்" என்றால் இறைச்சியும் மீனும் இல்லாமல்.

சைக்கிள்காரருக்கும் குடி அளவு உண்டு. ஆஸ்திரியாவில் ரத்தத்தில் ஆல்கஹால் ஆயிரத்துக்கு 0.8, அதைத் தாண்டினால் அபராதம் 800 யூரோவிலிருந்து தொடங்கும். அங்கே "ஆஹ்டல்" என்று கொடுப்பது 125 மி.லி. அதில் சுமார் 12 கிராம் ஆல்கஹால். 60 கிலோ எடையுள்ளவர் வெறும் வயிற்றில் சீக்கிரமாக மூன்று குடித்தால் 0.8-ஐத் தாண்டிவிடுவார். அதனால் சுவைப்பு எல்லாம் வண்டியை நிறுத்திப் பூட்டிய பிறகுதான் என்பதில் உறுதியாக இருங்கள். மதியத்துக்கு திராட்சைச் சாறு, "ட்ராவ்பன்ஸாஃப்ட்" என்று கேட்டால் போதும்.

ஆற்றோரம்:
ஒன்று சேர்க்க வேண்டும். நல்ல வழிகாட்டி முன்னால் போவார், கடைசியில் இன்னொருவர் வருவார். திருப்பம் வந்தால் முன்னவர் தனக்கு அடுத்தவரை அங்கே நிறுத்திவிட்டுப் போவார். கடைசி ஆள் வரும்வரை அவர் அசையக்கூடாது. "எல்லாரும் போயாச்சு" என்று தானாக முடிவுசெய்து அவர் கிளம்பினால் பின்னால் நாலு பேர் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். சாலை வலப்பக்கம். நின்று படம் எடுத்துவிட்டு மறுபடி ஏறும் நொடியில்தான் நம்மவர்கள் இடப்பக்கம் போய்விடுகிறார்கள்.

டூர்ன்ஷ்டைனில் பாதை பழைய ஊருக்குள்ளேயே போகும். கல் பாவிய தெரு, நடப்பவர் கூட்டம், இறங்கித் தள்ளுங்கள். இங்கிலாந்து அரசன் ரிச்சர்டை 1192-ல் அடைத்துவைத்த கோட்டைக்கு மேலே ஏறுவதானால் பெடலில் மாட்டும் கிளிப் காலணியோடு போகாதீர்கள், பாறை வழுக்கும்.

ஏழாம்கியர்:
பங்ச்சர். குழுவோடு உதவி வேன் வந்தாலும் ஒட்டக் கற்றுக்கொள்ளுங்கள். கியர் உள்ளே இருக்கும் பின்சக்கரத்தைக் கழற்றப் போகாதீர்கள். கியர் கம்பியைத் திரும்ப மாட்டுவதற்குள் அரைநாள் போகும். வண்டியைச் சாய்த்து, ஒரு பக்கம் மட்டும் டயரை லீவரால் நெம்பி, டியூபை இழுத்து வெளியே எடுத்து அங்கேயே ஒட்டலாம். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஐந்து நிமிஷம் காய விட்டு, பளபளப்பு போன பிறகு ஒட்டுத்துண்டை வைத்து அழுத்துங்கள். ஈரமாக ஒட்டினால் பத்து கி.மீ.யில் கிளம்பிவிடும். டியூபை உள்ளே தள்ளுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவுங்கள், கண்ணாடிச் சில்லு அங்கேயே குத்திக்கொண்டிருக்கும்.

மிதிப்பவன்:
படகு எப்போதும் ஓடுமா?

ஆற்றோரம்:
ஆற்றில் வெள்ளம் ஏறினால் நிறுத்திவிடுவார்கள், குளிர்காலத்திலும் நம்ப முடியாது. 2024 செப்டம்பரில் கீழ் ஆஸ்திரியாவில் பெருமழை கொட்டி வெள்ளக்காடானது. அப்படி நடந்தால் வடகரையிலேயே போய்விடுங்கள், ஊர்களும் திராட்சைத் தோட்டங்களும் பெரும்பாலும் அங்கேதான். கிரெம்ஸில் திரும்பக் கப்பல் ஏறினால் சைக்கிளுக்கும் இடம் முன்பதிவு செய்யுங்கள், வார இறுதியில் நிரம்பிவிடும்.