கடலோர ஊரில் வீடு: எந்தப் பொருளுக்குப் பணம் ஒதுக்குவது?

கேள்வி – உப்பளத்தெரு

வேதாரண்யத்தில் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தரைத்தளம் மட்டும் கட்டப் போகிறோம். அப்பா கட்டிய பழைய வீட்டில் சன்ஷேடு, லிண்டல் எல்லாம் வெடித்துக் கம்பி வெளியே தெரிகிறது. அதனால் இந்த முறை விலை அதிகமானாலும் பெயர் பெற்ற கம்பெனியின் கம்பியாக வாங்கலாம் என்றிருக்கிறோம். போர்த் தண்ணீரே போதும் என்கிறார் கொத்தனார். வாயில் வைத்தால் உவர்க்கிறது. கடைக்காரர் சல்ஃபேட் தாங்கும் சிமெண்டைக் கைகாட்டுகிறார். செங்கல்லா, அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த சாம்பல் கல்லா என்ற குழப்பம் வேறு. கையிருப்பு அளவானது. எதில் செலவழிக்கலாம், எதில் குறைக்கலாம்?

பதில் – தூத்துக்குடி மேற்பார்வையாளர்

தம்பி, முதலில் தண்ணீர். அந்த போர்த் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூடக் கான்கிரீட்டில் சேரக் கூடாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு (உப்பில் இருப்பது) இருக்கக் கூடாது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை அனுமதி உண்டு. உப்பு குறிவைப்பது கம்பியைத்தான் என்பது இதிலிருந்தே புரியும். துருப்பிடித்த இரும்பு முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடமில்லாததால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். உங்கள் பழைய சன்ஷேடு வெடித்தது இப்படித்தான்.

ஆகவே கம்பெனிப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஐ.எஸ். 1786 முத்திரையுள்ள எஃப்.இ. 500டி ரகக் கம்பி போதும். எந்தக் கம்பியானாலும் உப்பு எட்டினால் துருப்பிடிக்கும். எட்டவிடாமல் தடுப்பது மேலே இருக்கும் கான்கிரீட்டின் கனமும் நெருக்கமும்தான். கடற்காற்று நேராகப் படும் இடங்களில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும்.

தளம் போடும் நாளில் நீங்களே நின்று பாருங்கள். கம்பிக்கு அடியில் அதைத் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்கை வைப்பதற்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த ஜல்லியைச் சொருகுவார்கள். சட்டி சுமப்பவர்கள் மேலே நடந்ததும் ஜல்லி உருண்டுவிடும். கம்பி சென்ட்ரிங் தகட்டில் போய் உட்கார்ந்துவிடும். பலகையைப் பிரித்தால் அடிப்பக்கத்தில் கம்பியின் கோடு அப்படியே தெரியும். மறுநாளே பூச்சு ஏறி அதை மறைத்துவிடும். கோடு தெரிந்த அந்த இடத்தில்தான் பின்னாளில் வெடிக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது, ஏனென்றால் கவர் பிளாக் சில ரூபாய்ப் பொருள்.

சிமெண்ட் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டாம். சல்ஃபேட் தாங்கும் சிமெண்டுக்குக் குளோரைடைப் பிடித்துவைக்கும் திறன் குறைவு. உங்கள் மண்ணுக்கு, இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்டே பொருத்தம். அது மெதுவாக இறுகும். பலகையைப் பிரிக்க அவசரப்படாதீர்கள்.

கான்கிரீட் எம்30 என்ற வலிமைத் தரத்தில் இருக்கட்டும். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற வழக்கமான கணக்கு எம்20-க்குத்தான் சரி; எம்30-க்குக் கலவை விகிதத்தைச் சோதனைக்கூடத்தில் வகுத்து வாங்குங்கள். 50 கிலோ மூட்டைக்கு 22½ லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. மணலில் இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் அடக்கம். கலவை இறுக்கமாக இருக்கிறது என்று கொத்தனார் குழாயைத் திறக்கப் போவார். தடுத்துவிட்டு, தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் வாங்கிக் கொடுங்கள். மணலுக்கு எம்சாண்ட்; கடற்கரைப் பக்கத்து மணல் வேண்டவே வேண்டாம்.

பதில் – நாகூர் வீட்டுக்காரி

செலவைக் குறைக்கச் சுவரில் வழி இருக்கிறது, தம்பி. செங்கல்லோ சாம்பல் கல்லோ, உங்கள் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்குங்கள். வாங்குமுன் நன்கு காய்ந்த ஒரு கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். மூன்று கிலோ கல் 600 கிராமுக்கு மேல் குடித்திருந்தால் அந்தச் சூளையை விட்டுவிடுங்கள். பேஸ்மட்டத்துக்கு மேல் ஈரத்தடுப்பு அடுக்கு போடாமல் சுவரை எழுப்பாதீர்கள். போடாவிட்டால் கீழ்ப்பூச்சில் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் ஜன்னல் சட்டத்துக்கு மரம்தான். பக்கத்து வீட்டு இரும்புச் சட்டம் துருப்பிடித்து, பதித்த இடத்தில் சுவரே விரிந்துவிட்டது.

கேள்வி – உப்பளத்தெரு

மிக்க நன்றி ஐயா, நன்றி அக்கா. கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கிவிடுகிறோம். கியூரிங்குக்கு, அதாவது போட்ட கான்கிரீட்டை நனைத்து வைக்க மட்டும் போர்த் தண்ணீரை விடலாமா?

பதில் – தூத்துக்குடி மேற்பார்வையாளர்

கூடாது. இளம் கான்கிரீட் அந்தத் தண்ணீரை உறிஞ்சும்; ஈரம் காய்ந்தபின் உப்பு உள்ளேயே தங்கும். ஸ்லாக் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், நம் வெயிலுக்கு 14 நாள் ஈரம் காக்க வேண்டும். தளத்தில் பாத்தி கட்டி நீரை நிறுத்துங்கள். தூண்களுக்கு நனைத்த சாக்கைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டிவிட்டால் லாரித் தண்ணீர் குறைவாகவே செலவாகும்.