கிளஸ்டர் அனாலிசிஸ்: கொத்தா, திரளா, திணையா?

நண்பர்களுக்கு வணக்கம்.
மக்கள்தொகைக் கொள்கை பற்றிய பாடநூல் அத்தியாயம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். மொத்தக் கருவள வீதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள்), பெண் எழுத்தறிவு, குழந்தை இறப்பு வீதம் மூன்றையும் வைத்து, ஒத்த மாவட்டங்களை ஒன்றுசேர்க்கும் கிளஸ்டர் அனாலிசிஸ் பற்றியது. ‘கொத்துப் பகுப்பாய்வு’ என்று எழுதிவிட்டேன். நான்கு பக்கம் தள்ளி கிளஸ்டர் சாம்ப்ளிங் (மக்களைக் குழுக்களாகப் பிரித்து, சில குழுக்களை மட்டும் ஆய்வுக்கு எடுப்பது) வருகிறது. அதையும் கொத்து என்றே எழுதி வருகிறோம். என்ன செய்யலாம்?

———

கொத்து வேண்டாம். கூறெடுப்பில் (சாம்ப்ளிங்கில்) ஒரு கொத்துக்குள் பலதரப்பட்டவரும் கலந்திருப்பதே நல்லது. இங்கே உள்ளிருப்பவை ஒத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் பாடம் தலைகீழாகிவிடும். என் மாணவி ஒருத்தி, வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, “இதுதானே கொத்து?” என்றாள். ஒரே காம்பில் இருப்பது கொத்து. அவள் மேல் தவறில்லை. ‘திரளாய்வு’ எனலாம்.

———

திரளில் கூட்டம் இருக்கிறது, ஒப்புமை இல்லையே ஐயா. நிலத்தை வகைப்படுத்தத் தொல்காப்பியமே சொல் தந்திருக்கிறது: திணை. எங்கெங்கோ கிடக்கும் காடெல்லாம் முல்லைதான், அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலை என்கிறது சிலம்பு. கருவளம் குறைந்தால் மாவட்டமும் அணி மாறுகிறது. இரண்டு பக்கமும் இழுபடும் மாவட்டத்துக்குத் ‘திணைமயக்கம்’ தயாராக இருக்கிறது. ‘திணையாய்வு’ என்பதே என் பரிந்துரை.

———

படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது அம்மா. ஆனால் திணை இன்னின்னது என்று முன்பே வகுத்தாயிற்று. இங்கே அப்படியில்லை. ஜோ வார்டு என்ற ஆய்வாளர் 1963இல் தந்த முறையில் ஒவ்வொரு மாவட்டமும் தனியாகத் தொடங்கி, ஒத்ததோடு படிப்படியாகச் சேர்கிறது. எந்தப் படியில் நிறுத்துவது என்பது மட்டும் நம் கையில். கடையும்போது வெண்ணெய் திரள்வது போல. அதனால்தான் திரள்.

கொள்கைக்கும் இது முக்கியம். 2016இல் மத்திய அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டமான மிஷன் பரிவார் விகாஸ் 146 மாவட்டங்களை எடுத்தது, கருவள வீதம் 3 அல்லது அதற்கு மேல் என்ற ஒற்றை வரம்பை வைத்து. அது சலித்தெடுப்பது, திரளாய்வு அல்ல. ஒரு மாவட்டத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் போகாதது காரணமாக இருக்கலாம், இன்னொன்றில் பிறந்த குழந்தை தங்காதது. இரண்டிலும் 3 என்பதற்காக ஒரே மருந்தா?

———

பெயர் சரி, வினை? ‘மாவட்டங்களைத் திரட்டினர்’ என்றால் ஊர்வலத்துக்கு ஆள் திரட்டியது போல இருக்கிறது. ‘கொத்தாக்கினர்’ என்றால் யாருக்கும் புரியும்.

———

எல்லாருக்கும் நன்றி. கொத்துக்கு ஒருவர், திணைக்கு ஒருவர், என்னையும் சேர்த்தால் திரளுக்கே ஆதரவு அதிகம். பெயர் ‘திரளாய்வு’, வினை ‘திரள்களாகப் பிரித்தனர்’ என்று அனுப்புகிறேன். கூறெடுப்பில் கொத்து அப்படியே இருக்கும்.

———

அனுப்புங்கள் தம்பி. ஆனால் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். பத்தாம் வகுப்பு தாண்டிய பிள்ளைக்குத் திணை புதிதல்ல, திரளாய்வுதான் புதிது.