எச்.பி.ஓ.எஸ் வீழ்ச்சி: ஒருவருக்கு மட்டும் ஏன் அபராதம்?

கேள்வி: 2008-இல் பிரிட்டனின் எச்.பி.ஓ.எஸ் வங்கி நிலைகுலைந்தது. கார்ப்பரேட் கடன் பிரிவின் தலைவர் பீட்டர் கம்மிங்ஸுக்கு மட்டும் 2012-இல் 5 லட்சம் பவுண்டு அபராதம், மூத்த பதவிகளுக்குத் தடை. அவருக்கு மேலே இருந்தவர்கள் எப்படித் தப்பினார்கள்?

பதில் 1: அன்றைய விதிப்படி தனிநபரின் தவறை நிரூபிக்க வேண்டும். பெரிய கடன்களுக்கு ஒப்புதல் குழுவாகத் தரப்பட்டதால், எது யார் பொறுப்பு என்றே சொல்ல முடியவில்லை. இன்னொன்று: 2006 வரை அந்த வங்கியை நடத்திய ஜேம்ஸ் கிராஸ்பி, 2009 பிப்ரவரி வரை வங்கிகளைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தின் துணைத் தலைவர். இது மன்னிக்கவே முடியாதது.

பதில் 2: 2016 மார்ச் 7 முதல் நிலைமை வேறு. ஒவ்வொரு மூத்த மேலாளரின் பொறுப்புகளையும் எழுதி, அவர் கையெழுத்துடன் வங்கி ஒழுங்குமுறை அமைப்பிடம் தர வேண்டும். வங்கி கவிழக் காரணமான பொறுப்பற்ற முடிவுக்கு 7 ஆண்டு வரை சிறை.

கேட்டவர்: அப்படியானால் நிரபராதி என்று மேலாளரே நிரூபிக்க வேண்டுமா?

பதில் 2: இல்லைங்க. முதலில் அப்படித்தான் திட்டமிட்டார்கள். அமலுக்கு வருமுன்பே கைவிட்டார்கள். ‘தவறைத் தடுக்க மேலாளர் நியாயமான நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று அமைப்புதான் நிரூபிக்க வேண்டும். சிறைத் தண்டனைக்கோ, அந்த முடிவால்தான் வங்கி கவிழ்ந்தது, ஆபத்து அவருக்கு முன்பே தெரியும் என்று இரண்டையும் காட்ட வேண்டும். சிக்கல் அங்கேதான்.